கோழிப் பார்வை

சேகரு,

லெட்டர்னா நலமா இருக்கியா, நாங்க நலம்னு ஆரம்பிக்கணும். அதை எழுத எனக்குக் கை வரல. நாங்க நலமா இல்ல. நீ நலமா இருக்கியான்னு தெரியல, அது தெரியாம தான் கொஞ்ச நாளா எனக்குச் சோறு எறங்கல. உங்கம்மாவுக்கு நீ எழுதற லெட்டர்ல எல்லாரையும் விசாரிப்பே, எதிர் ஊட்டு நாயைக் கூட விசாரிப்பே, என்னை மட்டும் விசாரிக்க மாட்டே. பரவால்ல. நானும் உன்னாட்டம் வீம்பு புடிச்சவன் தான், நீ போனதுல இருந்து உனக்கு ஒரு வரி எழுதினவன் இல்ல. இப்போ எழுதறேன்னா காரணம் இருக்கு. இதைக் கிழிச்சுப் போடணும்னு தோணுச்சுன்னா கிழிச்சுக்கோ, ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணிடு. கோயமுத்தூர்ல நல்ல கண்ணாஸ்பத்திரியா பாத்துப் போயி, உன் ரெண்டு கண்ணையும் காட்டு. கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்குன்னு கேப்பே. நல்லாத் தெரியறப்பவே காட்டணும், அதான் விஷயம். ஏன்னு கடைசி வரைக்கும் படிச்சாத் தெரியும்.

இதை எழுதறது நானே தான். பக்கத்து ஊட்டுல ஸ்கூல் படிக்கிற பொண்ணைக் கூப்ட்டு எழுதச் சொல்லுன்னா உங்கம்மா. இந்த விஷயத்தை இன்னொருத்தர் வாயில போட எனக்கு இஷ்டம் இல்ல. பேனா பேப்பரைத் தாண்டிப் பலகை மேல போயிடுது, எடுத்து மறுபடியும் வெக்கறேன், அதனால வரியெல்லாம் கோணலா இருக்கும். நேராப் பாக்கற எடத்துல எழுத்து எவ்ளோ பொடியா இருந்தாலும் நான் படிச்சுடுவேன். ஓரம் தான் இல்ல. ஓரம் இல்லன்னு எனக்கே தெரியாம இத்தனை வருஷம் ஓட்டிக்கினு இருந்திருக்கேன் பாரு, அதான் கூத்து.

பொன்னேரி மைதானத்துல நான் எறங்கினா ஜனங்க 'கோழி, கோழி'ன்னு கத்துமே, ஞாபகம் இருக்கா? எதிராளி சர்வீஸ் போடறதுக்கு முன்னாடி நான் தலையை இடது பக்கம் லேசாத் திருப்பி ஒரு பார்வை பாப்பேன். தானியத்தைப் பாக்கற கோழி மாதிரி கீதுடான்னு கன்னியப்பன் தான் அந்தப் பேரை வெச்சான். எனக்குப் பந்து தூக்கிக் குடுத்த லிப்டர் அவன், வாய்க்கொழுப்பு புடிச்சவன், அவன் வெச்ச பேரு ஊர் முழுக்க ஒட்டிக்கிச்சு. மொதல்ல எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அப்புறம் அதுவே ஒரு ஷோக்காப் போச்சு. மீஞ்சூர்லயும் சோழவரத்துலயும் வாலிபால் ஆடற பசங்க என்னாட்டமே தலையைத் திருப்பிக் காட்டுவாங்க, நான் மீசையைத் தடவிக்குவேன். மெய்யாலுமே சொல்றேன், அந்தப் பழக்கம் எனக்கு ஏன் வந்துச்சுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. திருப்பினாப் பந்து நல்லாத் தெரிஞ்சுது, திருப்பினேன்.

உங்க தாத்தா காலம் முழுக்க அடுத்தவன் கழனியில நின்னவரு. அதே கழனியில அறுப்பு முடிஞ்சதும் நெட்டு கட்டி ஆடினவன் நான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில டீம் சேக்கறாங்கன்னு ஆளு தேடி வந்த மானேஜரு, நான் எகிறி அடிச்சதைப் பாத்துட்டு, வேலைக்கு வந்துடுன்னாரு. படிச்சவன்லாம் கேட்டுல காத்துக்கினு கெடக்க, நான் பந்து அடிச்சுக்கினே உள்ள போனவன். மத்தியானம் வரைக்கும் வேலைன்னு ஒரு பேரு, அதுக்கு மேல பிராக்டீஸ். ஆடறவனுக்கு மட்டும் கேண்டீன்ல வேகவெச்ச முட்டையும் ஒரு டம்ளர் பாலும் குடுப்பாங்க. பாலைக் குடிச்சுடுவேன். முட்டையைத் துண்டுல முடிஞ்சு, பாசஞ்சர்ல நசுங்காம எடுத்தாந்து உங்கையில குடுப்பேன். நீ வெள்ளையை உப்பு தொட்டுத் தின்னுட்டு, மஞ்சளை எங்கையில வெச்சு, நைனா நீ தின்னுன்னுவே. மஞ்சள் உனக்குப் புடிக்காது, அது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தக் குடுக்கற அழகுக்காகத் தின்பேன். ஆடறவன் தின்னாத்தானேய்யா எகிற முடியும்னு உங்கம்மா தெனம் திட்டுவா.

நீ மொதல் தடவை பெரியவங்களோட ஆட எறங்கினது புதுவாயல் ரோட்டோரம் இருந்த களத்துல. கால்சட்டை வயசு தாண்டி அப்பத்தான் பேண்ட்டு போட்டிருந்தே. எதிர்ப்பக்கம் சர்வீஸ் போட ஆள் கையைத் தூக்கினான். நீ தலையை இடது பக்கம் திருப்பினே. அவ்ளோதான், சுத்தி நின்ன ஜனம் மொத்தமும் சிரிச்சுது, கோழிக்குஞ்சுடான்னு ஒருத்தன் கத்தினான். நீ வெக்கப்பட்டுக்கினு என்னைப் பாத்தே. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் அடி வரல, என் உயரம் வரல, என் பார்வை வந்துடுச்சு எம்புள்ளைக்குன்னு கன்னியப்பன் தோளைக் கட்டிக்கினு சொன்னேன்.

அதுக்கப்புறம் என் ஆட்டம் போன கதை உனக்குத் தெரியும், ஆனா தெரிஞ்ச மாதிரி தெரியாது. இடது பக்கம் வர்ற பந்தெல்லாம் நான் விட ஆரம்பிச்சேன். கைக்கு எட்டற பந்து, சும்மா நின்னுக்கினு இருந்தாலே மேல வந்து விழற பந்து, அதை விட்டுட்டு நிப்பேன். காலு போச்சுன்னாங்க. அப்புறம் வயசுன்னாங்க. கடைசியில குடிச்சுட்டு எறங்கறான்னு மானேஜர் காதுல போட்டாங்க. கன்னியப்பன் கல்யாணத்துல ஒரு நாள் வாயில வெச்சுத் துப்பினவன் நான், அதுக்கு மேல தொட்டதில்ல. டீம்ல இருந்து எடுத்தாங்க, முட்டை நின்னுச்சு, மறுநாளே இரும்புத் தகடு தூக்கற எடத்துல கொண்டு விட்டாங்க. அத்தனை வருஷம் கம்பெனியில இருந்தும் ஒரு ஸ்பானர் புடிக்கத் தெரியாது எனக்கு. எனக்குக் கீழ ஆளாச் சேந்த பசங்க, இன்னா கோழி, தகடு கனமாக் கீதான்னு கேப்பாங்க. ஊட்டுக்கு வந்தா அதை எப்படிச் சொல்றது? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவேன், நீ எதுனா கேட்டா வள்ளுன்னு விழுவேன். உம்மேல இல்ல அந்தக் கோவம்.

அதனால தான் நீ ஐ.டி.ஐ.யில சேரு, பிட்டர் வேலை கத்துக்கோன்னு தலைப்பாடா அடிச்சுக்கினேன். கம்பெனிக்காரன் நம்மளை வெச்சுக்கறது நாம எகிறற வரைக்கும் தான், எறங்கினப்புறம் கையில ஒரு தொழில் இருக்கணும். நீ கேக்கல. கும்மிடிப்பூண்டியில கம்பெனிங்க ஒண்ணொண்ணா முளைச்ச நேரம் அது, ஒவ்வொருத்தனும் டீம் வெச்சுக்கினான். ஒரு ரோலிங் மில்லுக்காரன் உன்னைக் கூப்ட்டான், டெம்பரவரியாப் போயிட்டே. நான் ரெண்டு நாள் உன்கூடப் பேசல. ஆனா உன் கம்பெனி பனியனை உங்கம்மா தொவைச்சுக் காயப் போட்டிருந்தா பாரு, அதை யாரும் இல்லாத நேரமாப் பாத்து நான் தொட்டுப் பாத்தேன். இதை உங்கம்மா கிட்டக் கூடச் சொன்னதில்ல.

இப்போ அந்த மேட்சுக்கு வரேன். படிக்க உனக்குக் கஷ்டமா இருக்கும், எழுத எனக்கும் அப்படித்தான். பொன்னேரியில பைனல். கப்பு ஜெயிச்சாந்தா ஆடறவங்களை எல்லாம் பர்மனெண்ட் பண்றேன்னு உங்க மானேஜரு வாக்கு குடுத்திருந்தாரு. அது எனக்குத் தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும், மைதானத்துல வேர்க்கடலை வித்தவனுக்கும் தெரியும். மூலையில கொடி புடிக்கிற லைன் அம்பயர் ஒருத்தன் வரல. மேல ஏறி நின்ன அம்பயர் நம்ம கன்னியப்பன். கும்பல்ல இருந்த என்னைக் கை காட்டி, கொடியை வாங்கிக்கோன்னான். எதிர் டீம் கேப்டன் ஒத்துக்கல, அவன் புள்ளை ஆடறான், அவன் எப்படிக் கொடி புடிப்பான்னு சண்டைக்கு வந்தான். நியாயமான கேள்வி. நான் அப்பவே வெலகியிருக்கணும். ஆனா கன்னியப்பன் கும்பலுக்கு முன்னாடி, அவன் கண்ணுக்கு நான் ஜவாப்னு சொன்னான் பாரு, தகடு தூக்கித் தூக்கிக் குனிஞ்சு போயிருந்த எனக்கு அது இன்னா தெம்பா இருந்துச்சு தெரியுமா? கொடியை வாங்கிக்கினு மூலையில போய் நின்னேன். கொடி கீழ போனாப் பந்து உள்ள, மேல போனா வெளிய.

கடைசி செட்டு. அவங்க பதினாலு, நீங்க பதிமூணு, சர்வீஸ் அவங்க கையில. பந்து உள்ள விழுந்தா சர்வீஸ் உங்களுக்கு வரும், வெளிய விழுந்தா ஆட்டமே முடிஞ்சுது. நீ எகிறின எகிறலை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். நெட்டுக்கு மேல இடுப்பு தெரிஞ்சுது. அடிச்சே. பந்து எம்மூலைக்கு வந்துச்சு. கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி வெளிய மண்ணு எழும்பினதை நான் பாத்தேன். கொடியை மேல தூக்கினேன். நீ ஓடியாந்து கோட்டுக்கிட்ட மண்டி போட்டே. நைனா, சுண்ணாம்பு கலைஞ்சிருக்கு பாருன்னே. அங்க எல்லாக் கோடும் தான் கலைஞ்சிருந்துச்சு, சாயங்காலம் வரைக்கும் அத்தனை காலு மிதிச்சிருந்துச்சு. கன்னியப்பன் என் கொடியைப் பாத்தான், விசில் ஊதினான். எதிர் டீம் கேப்டன் வந்து எங்காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினான். அவன் தொடாம இருந்திருந்தாலாவது நீ என்னை மன்னிச்சிருப்பேன்னு எனக்குத் தோணும்.

பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல நீ கேட்டது இன்னும் காதுல இருக்கு.

"உனக்கு உம் பேரு பெருசு நைனா. நேர்மையானவன்னு நாலு பேரு சொல்லணும். அதுக்கு எங்கழுத்தை அறுத்துட்டே. பந்து உள்ளதான் விழுந்துச்சு. நான் பாத்தேன்."

நானும் பாத்தேன்டான்னேன். நீ நம்பல. சுத்தி உன் டீம் பசங்க நிக்கறாங்க, டீக்கடைக்காரன் பாக்கறான், எனக்கு வெறி ஏறிடுச்சு.

"வெளியதான் விழுந்துச்சு. நான் சொல்றது பொய்னா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போவட்டும்."

நீ பஸ்ஸுல ஏறாம நடந்தே போயிட்டே. உங்க மில்லுல உன்னைப் பர்மனெண்ட் பண்ணல, கொஞ்ச நாள்ல டீமையே கலைச்சுட்டாங்க. கோயமுத்தூர் மில்லு டீம்ல ஆளு கேட்டாங்கன்னு பொட்டியைத் தூக்கிக்கினு கெளம்பிட்டே. கெளம்பறப்ப அம்மா காலுல விழுந்தே, என் பக்கம் திரும்பல. ரயிலடி வரைக்கும் நான் பின்னாலயே வந்தேன், அது உனக்குத் தெரியாது. சேகரு, யார் மேலயும் சத்தியம் பண்ணாத, உன் மேல நீயே கூடப் பண்ணிக்காத. கோவத்துல பண்ற சத்தியம் ஊட்டுக்குள்ள வந்து ஒக்காந்துக்கும். மறுநாள் வெளக்கு ஏத்தறப்ப உங்கம்மா வாய் முணுமுணுத்துச்சு, நான் பண்ண சத்தியம் அவ காதுக்கும் போயிடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது.

நீ போனப்புறம் நான் இடிக்க ஆரம்பிச்சேன். கதவு, கம்பம், திண்டு, மனுஷன், எல்லாத்தையும் இடிச்சேன். உங்கம்மா இடது பக்கம் காப்பி வெச்சா தட்டி விட்டுடுவேன். புதுவாயல் கூட்ரோட்டுல ரோட்டைக் கிராஸ் பண்றேன், சைக்கிள்காரன் ஒருத்தன் மேல மோதி ரெண்டு பேரும் விழுந்தோம், பின்னாலயே வந்த லாரி பிரேக்கு போட்டதால தான் இதை எழுதிக்கினு இருக்கேன். சாயங்காலத்துலயே ஏத்திக்கினு வந்துட்டான் பாருன்னு டிரைவர் திட்டினான். பழைய பேச்சு, புது வாயி. ஊட்டுக்கு வந்து முட்டியைக் கழுவிக்கினு இருந்தப்ப உங்கம்மா அழுதா. ஏன்டி அழுவறேன்னு கேட்டேன். அன்னிக்கு ஏன்யா அப்படி ஒரு சத்தியம் பண்ணேன்னா. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, இத்தனை நாளா இவ நான் பொய் சொன்னேன்னு நெனைச்சுக்கினே எனக்குச் சோறு போட்டிருக்கா.

கண்டக்டர் வேலையில இருக்கற உன் மாமன் தான் எங்களைப் பட்டணத்துல பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனான். சின்ன வயசு டாக்டரம்மா. லைட்டு அடிச்சுப் பாத்தாங்க, சொட்டு மருந்து விட்டுப் பாத்தாங்க. அப்புறம் ஒரு ரூம்ல செவுத்துல கறுப்புத் துணி மாட்டி, அதுக்கு முன்னாடி என்னை ஒக்கார வெச்சு, நடுவுல இருக்கற புள்ளியையே பாருங்க, கண்ணை அசைக்காதீங்கன்னாங்க. கையில ஒரு கறுப்புக் குச்சி, அது முனையில வெள்ளையா ஒரு சின்ன உருண்டை. அதை ஓரத்துல இருந்து உள்ள கொண்டு வருவாங்க, தெரிஞ்ச உடனே நான் சொல்லணும். ஆட்டம் மாதிரி இருந்துச்சு, ஒக்காந்துக்கினு குஷியாத்தான் இருந்தேன். உங்கம்மா பின்னால ஸ்டூல்ல ஒக்காந்திருந்தா. கொஞ்ச நேரம் போச்சு. டாக்டரம்மா, இப்போ தெரியுதான்னு கேட்டாங்க. நீங்க இன்னும் வெக்கவே இல்லியேம்மான்னேன்.

"கீதுய்யா," உங்கம்மா பின்னால இருந்து சொன்னா. "அங்கதான் கீது. ரொம்ப நேரமாக் கீது."

சேகரு, அங்க ஒண்ணும் இல்லடா. இருட்டா இருந்தா, மறைக்குதுன்னாவது சொல்லலாம். அப்படியும் இல்ல. கறுப்புத் துணி முழுசா, சுத்தமா, வெறுமனே இருந்துச்சு. டாக்டரம்மா சொன்னாங்க, ஓரப் பார்வை போனவனுக்குப் போனது தெரியாது, தெரியாத எடத்தை மனசு தானே நெரப்பிக்கும்னு. கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடுமாம், வலி இருக்காதாம். எத்தனை நாளா இருக்கும்னு கேட்டேன். ரொம்ப வருஷமா இருக்கும், நீங்க இளவட்டமா இருந்தப்பவே ஆரம்பிச்சிருக்கலாம்னாங்க. தலையை ஒரு பக்கமாத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்களே, அது இதனால தான், முழுசாத் தெரியணும்னு உங்க கழுத்து தானே கத்துக்கினு இருக்குன்னாங்க. எனக்குப் பொன்னேரி ஜனம் கத்தினது காதுல கேட்டுச்சு.

போன பார்வை வராதாம். இருக்கறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாமாம். நான் எழுந்திரிச்சேன். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கினே, பசங்க இருக்காங்களான்னு கேட்டாங்க. ஒரே பையன்னேன். அவனுக்கும் பாத்துடுங்க, இது ரத்தத்துல வர்றது, ஆரம்பத்துலயே புடிச்சா ஒண்ணும் ஆவாதுன்னாங்க. அவன் என்னை விட நல்லா ஆடறவன்மா, அவன் கண்ணுக்கு இன்னா கொறைச்சல்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். ரயில்ல வர்றப்ப தான் அந்தக் களம் ஞாபகம் வந்துச்சு. கோழிக்குஞ்சுன்னு சிரிச்ச ஜனமும், வெக்கப்பட்டுக்கினு என்னைப் பாத்த நீயும்.

அதுக்கப்புறமும் நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன், அவ்ளோ வீம்பு. போன வாரம் கன்னியப்பன் ஊட்டுக்கு வந்தான். கோயமுத்தூர்ல ஏதோ டோர்னமெண்டுக்கு அம்பயரா போய்ட்டு வந்திருக்கான், உன் ஆட்டத்தைப் பாத்திருக்கான். நாஷ்டா தின்னுக்கினே ரொம்ப நேரம் சுத்தி வளைச்சான். உம்புள்ளை எப்படிக் கீறான்னு நேராக் கேட்டேன். அடி இன்னும் அதே அடிதான்னான். அப்புறம் தட்டைப் பாத்துக்கினு, "இடது பக்கம் வர்றதை விட்டுர்றான்பா. சும்மா வர்ற பந்து. குடிக்கிறான்னு அங்க பேசிக்கிறாங்க"ன்னான். மொதல்ல எனக்கு வந்தது கோவம் தான், மில்லு ஹாஸ்டல்ல சேந்து கெட்டுட்டான் பையன்னு. அப்பத்தான் மண்டையில ஒறைச்சுது, இது எனக்குச் சொன்ன அதே வார்த்தைன்னு. சேகரு, நீ குடிக்கிறியா? குடிக்கிறேன்னு எழுது, உன் காலைத் தொட்டுக் கும்புடறேன். எம்புள்ளை குடிகாரன், சோம்பேறி, ஊர் சுத்தின்னு கேள்விப்பட்டா நான் சந்தோஷப்படுவேன். அந்தத் தலையைத் திருப்பறது என்னைப் பாத்து நீ அடிச்ச காப்பியா இருக்கணும், அவ்ளோதான் எனக்கு வேணும்.

யோசிச்சுப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது. டாக்டரம்மா சொன்னதை உங்கம்மாவும் கேட்டுக்கினு தான் இருந்தா, நான் பொய் சொல்லலன்னு அவளுக்கு இப்போ தெரியும். சத்தியம் பலிக்கல, நோவு முன்னாடியே இருந்துச்சுன்னு தெரியும். இதைக் கேக்கத்தானே நான் இத்தனை நாளாத் துடிச்சேன்? ஆனா எனக்கு அது இப்போ வேணாம்டா. சத்தியம் தான் பலிச்சுதுன்னு இருந்தா அது என்னோட போயிடும். பொய் சொன்னான், கண்ணு போச்சு, கணக்கு முடிஞ்சுது. நோவுன்னா அது உங்கிட்ட வருது. நான் பொய்யனாவே இருந்துட்டுப் போறேன். சாமி கிட்டயும் அதைத்தான் கேக்கறேன், நான் பொய் சொன்னேன்னு ஒத்துக்கறேன், இது சாபமாவே இருக்கட்டும்னு. உங்கம்மா பெரியபாளையத்துக்குப் போயி அம்மனுக்கு வெள்ளியில கண்மலர் வாங்கி வெச்சா. கடையில ரெண்டு ஜோடி வாங்கினா. ஒரு ஜோடி போதாதான்னு கேட்டேன். கம்முனு வாய்யான்னுட்டா. கன்னியப்பன் சொன்னதை நான் அவ கிட்டச் சொல்லவே இல்ல, அடுப்படியில இருந்து கேட்டிருக்கா.

பந்து உள்ளயா வெளியவான்னு நீ கேட்டதுக்கு இப்போ பதில் சொல்றேன். தெரியல. வெளிய மண்ணு எழும்பினதை நான் பாத்தேன், அது நெசம். ஆனா அது பந்து விழுந்த மண்ணா, இல்ல உள்ள விழுந்து எழும்பின பந்து இன்னொரு தரம் தட்டின மண்ணா, இல்ல ஒண்ணுமே தெரியாத எடத்துல எம்மனசு தானே போட்டு நெரப்பிக்கின மண்ணா, எனக்குத் தெரியாது. எங்கண்ணை நம்பி நான் உன் வேலையைப் பறிச்சேன். நீ உங்கண்ணை நம்பி அப்பனை வேணாம்னே. உனக்கும் இதே கண்ணுதான்னா, அந்தப் பந்து எங்க விழுந்துச்சுன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது. இதை நெனைச்சு நான் பொழுதுக்கும் ஒக்காந்திருக்கேன்.

சரி, இப்போ வேலையைச் சொல்றேன், கேளு. இந்த லெட்டர் கெடைச்ச மறுநாளே லீவு போடு. ஆட்டம் இருந்தாலும் போடு. கறுப்புத் துணி மாட்டிப் பாப்பாங்க, நடுவுல இருந்து கண்ணை எடுக்காத, தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லி ஜெயிக்கப் பாக்காத. அங்க தோத்தாத்தான் பொழைப்பு. இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா பயப்படாத, உன் வயசுக்குச் சீக்கிரமாத்தான் புடிச்சிருக்கோம். யாருக்கும் ஒண்ணும் எழுதிக்கினு இருக்காத, நேரா ஊட்டுக்கு வா. சொட்டு மருந்து எரியும், புருவம் வலிக்கும், விட்டுட்டு எவ்ளோ நேரம் கண்ணை மூடணும்னு நான் சொல்லித் தரேன். வந்தா என் பக்கவாட்டுல நிக்காத, நீ வந்தது எனக்குத் தெரியாது. எதிர்ல வந்து நில்லு.

இல்ல, கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா, உனக்கு ஒண்ணும் இல்லன்னா, அப்போ அன்னிக்கு நீ பாத்தது தான் சரி. நான் சொன்னது தப்பு, சத்தியம் பலிச்சுது, அவ்ளோதான். நீ வர வேணாம், என்னை மன்னிக்கவும் வேணாம். ஒரு கார்டு வாங்கி, 'பந்து உள்ள'ன்னு ரெண்டே வார்த்தை எழுதிப் போடு. அதைக் கன்னியப்பன் கிட்டக் காட்டுவேன், பொன்னேரியில அந்த டீக்கடைக்காரனுக்கும் காட்டுவேன், எம்புள்ளை சரியாப் பாத்தான், நான் தான் தப்பாக் கொடி தூக்கினேன்னு ஊர் முழுக்கச் சொல்லுவேன். போஸ்ட்மேன் இடது பக்கம் வந்து நின்னா எனக்குத் தெரியாதுன்னு உங்கம்மா வாசல்லயே ஒக்காந்துக்கறேன்னு சொல்லியிருக்கா. கார்டை அவ வாங்கித் தருவா, நான் மூஞ்சிக்கு நேரா வெச்சுப் படிச்சுக்குவேன். நேரா இருக்கறது எனக்கு இன்னும் தெரியுது.

உங்க நைனா